பத்து கழி

ஜன. 8, புதன்
காலையிலிருந்து தூறல். ஏரிப்பக்கம் படகு ஒன்றும் தெரியவில்லை. பழவேற்காட்டு டச்சுக் கல்லறையை அளந்து வரையும் ஆர்கிடெக்சர் காலேஜ் வேலை, மறுபடியும். எங்கள் மூவரில் முரளி இல்லாமல் முதல் நாள். போன மாதம் வரைய பட்டர் ஷீட் வாங்கப் பொன்னேரி போனவன். திரும்பி வரும்போது திருப்பாலைவனம் ரோட்டில் பைக் சறுக்கி, அங்கேயே போய்விட்டான். இன்னும் அழவில்லை நான்.

தங்கல் மூன்றாமவன் நசீர் வீட்டு மாடி. அவன் அம்மா ராத்திரி டீ கொண்டுவந்தார். பழக்கத்தில் மூன்று டம்ளர். மூன்றாவதையும் நானே குடித்துவிட்டேன். ஆறிப்போகும்.

வாங்க: 2H பென்சில், கொசுவத்தி, செலோ டேப்.

முரளியின் பை இங்கேதான் கிடக்கிறது. உள்ளே அவன் அளவு டேப். முனை துருப்பிடித்து உடைந்தது. பூஜ்யத்துக்குப் பதில் பத்து சென்டிமீட்டர் கோட்டில் பிடித்துக்கொண்டு "பத்து கழி!" என்று கத்துவான். குறித்துக்கொள்பவன் "கழிச்சாச்சு!" என்று திருப்பிக் கத்தினால்தான் அடுத்த அளவு. ஸ்டூடியோவில் கண்விழித்த ராத்திரிகளில் நசீர் அளந்துவிடும் கதைகளுக்கும் அதேதான். "பத்து கழி மச்சி."

ஜன. 9, வியாழன்
ஷீட்டுகளை ஒட்டிப் பார்த்தோம். நானும் நசீரும் வேறு டேப்பில் அளந்த மதில், சரி. முரளி தனியாக அளந்து வரைந்த வாசல் (இரண்டு பக்கமும் எலும்புக்கூடு செதுக்கியது) மதிலில் விட்ட இடத்தில் உட்காரவில்லை. பெரிதாக இருக்கிறது.

வேலையைப் பார்க்க வந்த காலேஜ் சார்: "இதைத் தூக்கிடுங்க. புதுசா அளந்து உங்க பேரைப் போடுங்க."
கோபம் வந்திருக்க வேண்டும். "சரி சார்" என்றேன்.

சாயங்காலம் எளாவூரிலிருந்து போன். முரளியின் அப்பா. அவனுக்கு நைனா, எங்களுக்கும் நைனா. "அவன் வரைஞ்சது ஒண்ணு குடு பா. வூட்ல மாட்டணும். சனிக்கெழம வரேன். காலேஜ்ல வெக்கிறதுலயும் அவன் பேரு வரும் இல்ல?"
"வரும் நைனா" என்று சொல்லித் தொலைத்தேன்.
நசீர்: "இன்னாடா இப்டி சொல்லிட்ட?"

ஜன. 10, வெள்ளி
மழை விட்டது. வாசலை அளக்கப் போனோம். முரளியின் டேப். நான் முனை, நசீர் பேப்பர். பத்தில் பிடித்தேன். வாய் தானாகக் கத்தியது. "பத்து கழி!"
"கழிச்சாச்சு" வரவில்லை. நசீர் எலும்புக்கூட்டுக் காலடியில் உட்கார்ந்துவிட்டான். "டேய், அன்னிக்கு அவன் தனியாதானே வந்தான்? யார்ரா கழிச்சாச்சுன்னு சொல்லியிருப்பாங்க?"

அட, ஆமாம். கழிக்கவே இல்லை அவன்.

அவன் குறித்த ஒவ்வொரு அளவிலும் பத்து குறைத்து வேறு ஷீட்டில் வரைந்தோம். விடியவிடிய. வாசல் மதிலுக்குள் கச்சிதமாக உட்கார்ந்தது. நசீர் தேம்பினான். எனக்கு இப்போதும் இல்லை.

ஜன. 11, சனி
சார் வந்து பார்த்தார். பழைய ஷீட்டையும் புது ஷீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "அளந்தது முரளின்னு போடுங்க" என்றார். போட்டோம்.

மதியம் நைனா. வெள்ளைச் சட்டை, கையில் துணிப்பை. அவன் கையால் வரைந்த முதல் ஷீட்டைக் கொடுத்தோம். மடியில் விரித்து, வாசல் கோட்டின்மேல் விரலை ஓட்டினார்.
"எம்மாம் பெரிய வாசலு! இதையா அளந்தான் எம் புள்ள?"
நசீர் என்னைப் பார்த்தான்.
"ஆமா நைனா. பெருசுதான்" என்றேன். கழிக்கவில்லை. அழுதுவிட்டேன்.