குடிபோதை அல்ல, மெக்னீசியம் குறைவு

கோஜே தீவு

அன்புள்ள மியோங்-ஜாவுக்கு,

நீயும் அம்மாவும் சுகம்தானே? நானும் சுகம்தான், பயப்படாமல் படி. போன வாரம் கப்பல் தளத்தில் ஏணியிலிருந்து இறங்கும்போது கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. இரண்டு படி சறுக்கினேன், முட்டியில் சிராய்ப்பு, அவ்வளவுதான்.

ஆத்திரம் அதற்கல்ல. மேஸ்திரி பே ஓடி வந்து என் வாயை முகர்ந்தார். "காலங்காத்தாலயே ஊத்திக்கிட்டியா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டு, பதிவேட்டில் 'குடிபோதை' என்று எழுதியும் விட்டார்.

நானே ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தப் பரிசோதனை செய்துகொண்டேன். "மெக்னீசியம் ரொம்பக் கம்மிங்க. உங்களுக்குச் சர்க்கரை நோய் இருக்கே, சர்க்கரை ஏறினா மெக்னீசியம் சிறுநீர்லயே போயிடும். கால் இழுக்குறது அதனால இருக்கலாம்" என்றார் டாக்டர் அம்மா. சிறுநீரகத்தையும் சோதித்த பிறகே மெக்னீசியம் மாத்திரை கொடுத்தார். சர்க்கரை மாத்திரையை நிறுத்தக் கூடாதாம்.

ரத்தப் பரிசோதனைச் சீட்டை மேஸ்திரியின் சாப்பாட்டுத் தட்டருகே வைத்து, "இப்ப அந்த வார்த்தையை அடிங்க" என்றேன்.

"விடுப்பா, இதெல்லாம் ஒரு விஷயமா?" என்று சிரித்தார். நான் நகரவில்லை. பதிவேட்டை எடுத்து அந்த வார்த்தையை அடித்தார். மன்னிப்புக் கேட்கவில்லை.

பூசணி விதையில் மெக்னீசியம் அதிகமாம், வறுத்து அனுப்பு. அறையில் தனியாக உட்கார்ந்து கொறிக்க உன் கைப்பக்குவம் வேண்டும்.

இன்னொன்று. நம் பக்கத்துத் தெரு சாங்-மோவும் இந்த மேஸ்திரியிடம்தான் வேலை செய்தான். அவனுக்கும் சர்க்கரை, அவனுக்கும் கால் இழுத்தது. குடிகாரன் என்று துரத்தினார்கள். அன்று நானும் அதை நம்பினேன். இன்றே போய் அவனை ரத்தப் பரிசோதனை செய்யச் சொல். நான் மன்னிப்புக் கேட்டதாக அவன் மனைவி முன்னால் சொல்.

வேலைக்கு மணி அடித்துவிட்டது.

தோக்-சு