எல்லம்மாள் வாயில் வந்த சொல்

ஜூலை 29, செவ்வாய்

இன்றிலிருந்து நடப்பதை நடந்தபடியே எழுதப் போகிறேன். எனக்குப் பிடிக்காததையும் விடமாட்டேன்.

ஞாயிறு மாலை தறிக்கொட்டகைக்குப் போன சுசித்ரா அக்கா திரும்பவில்லை. போன் அணைந்திருக்கிறது. யாருடனோ ஓடிவிட்டாள் என்கிறது தெரு. போலீஸும் அதையே சொல்கிறது. நர்சிங் சேர வைத்திருந்த சான்றிதழ்கள் பீரோவிலேயே இருக்கின்றன. ஓடுகிறவள் முதலில் அதைத்தானே எடுப்பாள்?

ஜூலை 31

ஜெயப்பிரகாஷ் பாவாதான் அலைகிறார். அத்தை மகன். அக்காவுக்குப் பேசிவைத்தவர், படிக்க வேண்டும், கல்யாணம் வேண்டாம் என்று அக்கா மறுத்துவிட்டாள். அப்படியும் மணவூர் ஸ்டேஷன், கனகம்மாசத்திரம் என்று எங்கும் தேடிவிட்டு வந்தார்.

"நீ சாப்பிடு மாமா. கொட்டா, பின்னாடி கெணறு எல்லாம் நானே எறங்கிப் பாத்துட்டேன்."

அப்பா, எங்களுக்கு நைனா, அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். பாவா இல்லாவிட்டால் எங்களுக்கு யார்?

ஆகஸ்ட் 1

அம்மா அக்கா தட்டிலும் சோறு போட்டாள்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

தெரு அம்மன் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். கழனி வேலைக்குப் போகிற எல்லம்மாளுக்குத்தான் வருஷா வருஷம் சாமி வரும். வேப்பிலையோடு தெருவையே கலக்குவார். இந்த முறை ஆடவே இல்லை. தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. யாரும் அவர்மேல் ஊற்றி நான் பார்க்கவில்லை. நேராக அம்மாவிடம் வந்து, "பாவி... லோ... பாவி... லோ..." என்று இழுத்தார்.

அம்மா மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். "ஆங், நான்தான் பாவி. நான்தான்."

பக்கத்து வீட்டு தீபா அக்கா, "ஓடிப்போனவள உட்டுட்டு பெத்தவள ஏன் திட்டுது சாமி?" என்றாள்.

ஆகஸ்ட் 4

நேற்று எழுதியதை வாய்விட்டுப் படித்தேன். தப்பு! எல்லம்மாள் சொன்னது அந்தப் 'பா' இல்லை. 'பாவா' என்று கூப்பிடும்போது வருகிற 'பா'. எழுதினால் இரண்டும் ஒன்றுதான், காதுக்குத்தான் வேறு. நைனா பேசுகிற தெலுங்கில் அப்படிச் சொன்னால் கிணறு. பாவிலோ — கிணற்றில்.

சொன்னது எல்லம்மாள் என்பதால் எல்லோரும் தமிழாகவே கேட்டோம். அவருக்குத் தெலுங்கில் ஒரு சொல்கூடத் தெரியாது. நான் நைனா என்றாலே சிரிப்பார். அப்புறம் யார் பேசினது? அக்கா — நீயா?

நைனாவிடம் ஓடிச் சொன்னேன்.

"கெணத்ததான் ஜெயப்பிரகாஷ் எறங்கிப் பாத்துட்டானே..."

சொல்லும்போதே அவர் முகம் மாறிவிட்டது. சட்டைகூடப் போடாமல் ஓடினார்.

ஆகஸ்ட் 5

எடுத்துட்டாங்க. என்னைக் கிட்டே விடல. கால் விரல்ல மருதாணி மட்டும் தெரிஞ்சுது. நான் வெச்சு உட்டது.

பாவா அங்கே இல்லை.

ஆகஸ்ட் 9

ரேணிகுண்டா ரயிலடியில் பாவாவைப் பிடித்தார்களாம். "மறுபடியும் வேணாம்னா. ஒரு தள்ளுதான் தள்ளுனேன்" என்றாராம்.

அம்மா சாப்பிடவில்லை. பக்கத்தில் போய்ப் படுத்துக்கொண்டேன்.

"அது கெணறும்மா. உன்ன பாவின்னு சொல்லல."

"தெரியும்டி. அது அவ சொன்னது. அன்னிக்கு அவன் கொட்டாவுல இருக்கான், போய் ஒழுங்கா நாலு வார்த்த பேசிட்டு வாடின்னு கன்னத்துல அடிச்சி அனுப்புனது யாரு?"

அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்துபோய் விளக்கை அணைத்துவிட்டாள்.