முரட்டுக் காந்தம்

கரியா,
மழை விடாத ஜூன் மாதச் சனிக்கிழமை

அன்புள்ள தொமோயே,

ஹிரோஷிமாவில் நலமா? யாரும் நம்பவே முடியாத ஒரு கதையை எழுதுவதாக இனாரி கோயில் கல்நரியின் முன் நின்று சத்தியம் செய்துவிட்டு வந்திருக்கிறேன். நரியே சிரித்தது.

உன் அப்பா யசுஹிரோ தன் மோட்டாரைச் சோதனைக்கு ஏற்றினான். நீ வரைந்ததை அல்ல. "பலம் கம்மியான காந்தம் வைக்க எஞ்சினியர் எதுக்கு? பொம்மைக்கடைக்காரன் போதுமே!" என்று எல்லோர் முன்னாலும் உன் வரைபடத்தைத் தள்ளிவிட்டு அவனே போட்ட மோட்டார். அது சோதனை மேடை ஏறிய அன்று ஊர் சைக்கிள்களெல்லாம் தொழிற்சாலைக்குத் தாமாகவே நடந்து வந்தன. கிளம்பிய இழுப்பில் கட்டடம் நகோயா பக்கம் ஒரு முழம் நகர்ந்தது.

பிறகு வேகம் கூட்டினார்கள். உனக்குத் தெரியாததா? மெதுவாக ஓடும்போது தோள்கொடுத்த காந்தமே வேகத்தில் எதிர்த்து நிற்கும். எதிர் மின்னோட்டம் கொடுத்து அதைத் தளர்த்தினால்தான் வேகம் மேலே போகும். இவன் காந்தமோ முரடு. "இன்னும் தளர்த்து! இன்னும்!" என்று கத்தினான். அவ்வளவு மின்னோட்டம் பாய்ந்த சூட்டில் காந்தம் ஒரேயடியாகச் செத்தது. ஆறிய பின்னும் உயிர் திரும்பவில்லை. எதிர்க்கடையில் சோயா விழுது ஊறும் மிசோ ஜாடிகள்கூடக் கண்ணீர் விட்டன.

அன்றே அவனுக்கு நெஞ்சுவலி. ஆஸ்பத்திரியில் கஞ்சியை முறைத்துக்கொண்டு கிடக்கிறான். காந்த ஸ்கேன் எடுக்கும் பெண்ணிடம், "உங்க காந்தம் எவ்வளவு பலம்மா?" என்று கேட்டு, "பேசாம படுங்க ஐயா!" என்று வாங்கிக் கட்டிக்கொண்டான். அப்புறம் சுவரைப் பார்த்துக்கொண்டு என்னிடம், "அண்ணே, அவ வேகமா ஓடுற பொண்ணு. நான்தான் கொஞ்சம் தளர்ந்து குடுத்திருக்கணும், இல்ல?" என்றான். பீச் பழம் சீவிக்கொண்டிருந்தேன். அதையே சீவிக்கொண்டிருந்தேன்.

இனி எழுதுவது கதையில் சேராது. வெள்ளிக்கிழமை காலை இதயத்தில் அறுவை சிகிச்சை. பேசும்போது டாக்டர் என் முகத்தைப் பார்க்கவில்லை. உனக்குச் சொல்லக்கூடாது என்று உன் அப்பாவின் கட்டளை. காலை ரயிலைப் பிடித்தால் மதியச் சாப்பாட்டுக்கு இங்கே வந்துவிடலாம். சும்மா, ரயில் நேரம் மாறிவிட்டதே என்று சொல்லிவைக்கிறேன்.

உன் கைபட்ட மோட்டார்கள் நெடுந்தூரம் ஓடட்டும், மகளே. குடை மறக்காதே.

உன் பெரியப்பா,
கென்சாகு

பி.கு.: நரி, சைக்கிள், கட்டடம், ஜாடி எல்லாம் என் கைச்சரக்கு. அவன் சுவரைப் பார்த்துக் கேட்டதோ நிஜம்.