மைதானத்துக்கு முதுகு காட்டி நின்றவன்

தார்ன்பெக்
வியாழன், நவம்பர் 6

அன்புள்ள மகன் நேட்டுக்கு,

அப்பாதான் எழுதுகிறேன், கடிதத்தைப் பார்த்ததும் பதறாதே, வீட்டில் யாருக்கும் ஒன்றுமில்லை. நானும் அம்மாவும் ஜனீனும் மாதா புண்ணியத்தில் நன்றாக இருக்கிறோம், உன் கணுக்கால் வீக்கம் வற்றி நீயும் நன்றாக நடமாடிக்கொண்டிருப்பாய் என்று நம்புகிறோம். இங்கே ஒன்பது நாளாக மழை. வெந்நீர் பாய்லர் மறுபடியும் மக்கர் செய்து, ஆள் வந்து பார்த்து, உதடு பிதுக்கிவிட்டுப் போயிருக்கிறான். உன் தங்கை மூன்றாவது முறையில் கார் ஓட்டும் பரீட்சையில் தேறிவிட்டாள், தேறிய அன்றே சாயங்காலம் பக்கத்து வீட்டு கேட்டை உரசிவிட்டாள், பெயின்ட் வாங்கிக்கொடுத்து சமாதானம் பண்ணியாயிற்று. அம்மா கோயில் பாடகர் குழுவில் யாரோடோ கோபித்துக்கொண்டு இரண்டு வாரமாக வாயை மட்டும் அசைக்கிறாளாம், சத்தம் கொடுப்பதில்லையாம். ஞாயிற்றுக்கிழமை உப்புக்கருவாடு வதக்கும்போது உன் பங்கையும் சேர்த்து வதக்கி ஃப்ரீசரில் வைக்கிறாள், இனி ஃப்ரீசரில் ஐஸ் வைக்கக்கூட இடமில்லை.

எல்லாவற்றையும் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போன மாதம் இருபத்தெட்டாம் தேதி நாம் பேசியதிலிருந்து நீ என் போனை எடுப்பதில்லை, அம்மாவுக்குக் கட்டைவிரல் படம் அனுப்புவதோடு சரி. உன் மேல் தப்பில்லை. அன்றைக்கு நீ ஆசையாகத்தான் கேட்டாய். நீ போய்ச் சேர்ந்த வெளிநாட்டு கிளப்பின் வெளியூர்க் கால்பந்தாட்டத்தில் ஒரு பக்கத்துக் கூட்டம் முழுக்க உன் நிறத்தைக் கேலி பண்ணிக் குரங்கு மாதிரி கத்தியது, நீ நடுவரிடம் போய்ச் சொன்னதற்கு உனக்கே மஞ்சள் அட்டை காட்டியது, பதினாறாம் தேதி உங்கள் ஊர் ஆட்டத்தில் விசில் ஊதியதும் உங்கள் அணி முழுக்கப் புல்லில் உட்காரலாம் என்று கேப்டன் டோமாஷ் சொன்னது, உட்கார்ந்தால் அடுத்த வருட ஒப்பந்தத்தை மறந்துவிடு என்று கிளப் ஆபீஸில் உன் காதில் போட்டது, எல்லாம் சொன்னாய். "நீ சரின்னா உட்காருறோம், நீ வேணாம்னா இந்தப் பேச்சே இல்ல" என்று அந்தப் பிள்ளை உன்னிடமே விட்டுவிட்டானாம். நீ என்னிடம் கேட்டாய். நான் யோசிக்கக்கூட இல்லை. "அதெல்லாம் மைதானத்துக்கு வெளியப்பா, எதையும் காதுல வாங்காத, நீ பாட்டுக்கு ஆடு" என்றேன். நீ சரி என்றுகூடச் சொல்லாமல் வைத்துவிட்டாய். அதன்பின் நடந்ததை உனக்குச் சொல்லத்தான் இத்தனை தாள் எடுத்து உட்கார்ந்திருக்கிறேன்.

என் வேலையைப் பற்றி உனக்குத் தெரியும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன், ஜனீன் சொல்லித்தான் உங்கள் யாருக்கும் முழுசாகத் தெரியாது என்று புரிந்தது. பார்வையாளர்கள் உட்காருகிற கிழக்கு ஸ்டாண்டுக்கு முன்னால் ஆரஞ்சு ஜாக்கெட் போட்டுக்கொண்டு காவல் நிற்கிற எங்களுக்கு முதல் விதி, மைதானத்தைப் பார்க்கக்கூடாது. முதுகு ஆட்டத்துக்கு, முகம் கூட்டத்துக்கு. யார் குடித்திருக்கிறான், யார் வேலியில் ஏறப் போகிறான், யாருக்கு நெஞ்சு வலிக்கிறது, அதைத்தான் பார்க்க வேண்டும். பத்தொன்பது வருடத்தில் எங்கள் மைதானத்தில் ஒரு கோலைக்கூட நான் கண்ணால் பார்த்ததில்லை. எல்லாம் முகத்தில்தான் பார்ப்பேன். வாய் திறந்து, புருவம் ஏறி, பக்கத்து ஆளின் தோளைப் பிடித்தால் நம் கோல். நீ தார்ன்பெக் சட்டையில் போட்ட முதல் கோலையும் அப்படித்தான் பார்த்தேன், முதல் வரிசையில் ஃப்ளாஸ்க்கோடு உட்காருகிற மிஸஸ் பிரிக்ஸ் என்னை நோக்கிக் கையை நீட்டி "உன் பையன்யா, உன் பையன்!" என்று கத்தினாள். அன்றைக்கும் நான் திரும்பவில்லை. வீட்டுக்கு வந்து டிவியில் பார்த்து பாத்ரூமில் போய் அழுதேன், இதை இப்போதுதான் சொல்கிறேன்.

நிறவெறியை எதிர்த்து ஆட்டத்துக்கு முன்னால் ஆட்டக்காரர்கள் முழங்காலிட ஆரம்பித்த காலத்திலும் அப்படித்தான், அவர்களை நான் பார்க்கவில்லை, பார்க்கிறவர்களைத்தான் பார்த்தேன். பாதிப்பேர் கைதட்டுவார்கள், நிறையப் பேர் கையிலிருக்கும் இறைச்சி பஃப்ஸைக் குனிந்து ஆராய்ச்சி பண்ணுவார்கள், ஒரு பன்னிரண்டு பேர் பிடிக்கவில்லை என்று 'ஊ' போட்டுக் கத்துவார்கள். அந்தப் பன்னிரண்டில் ஒருவன் பாரி ஆக்டன். பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவன், ஜி வரிசை நாற்பத்தொன்று, உனக்குச் சின்ன வயதில் புதினா மிட்டாய் கொடுப்பானே, அவனேதான். முதல் நாள் கத்திவிட்டு இடைவேளையில் என்னிடம் வந்து அதே மிட்டாயை நீட்டி, "உன்னைச் சொல்லல ஹூபர்ட்டு, உனக்கே தெரியும். வாரம் பூரா செய்தில கேக்கிற கண்றாவிய சனிக்கிழமையும் கேக்கணுமா? பந்தாட்டத்துல எதுக்குய்யா அரசியல்?" என்றான். மிட்டாயை வாங்கி வாயில் போட்டுக்கொண்டு தலையாட்டினேன். உள்ளுக்குள் எனக்கும் அதுதான் சரி என்று பட்டது, சம்பளம் வாங்குகிற இடத்தில் வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் மரியாதை என்று. அம்மா மட்டும் ஒத்துக்கொள்ளவே இல்லை. நான் உன்னிடம் போனில் பேசியதைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, மாவுக் கையோடு வந்து நின்று, "அவனுங்க கத்துறது மைதானத்துல சேர்த்தி, எம் புள்ள உட்காருறது மட்டும் சேர்த்தி இல்லையா? நல்லா இருக்குய்யா உங்க சட்டம்!" என்றாள். நான் மழையில் குப்பைத் தொட்டியை உள்ளே எடுத்து வைக்கப் போய்விட்டேன்.

இனி போன சனிக்கிழமைக்கு வருகிறேன். ஆட்டத்துக்கு முன்னால் எல்லோரும் முழங்காலிட்டார்கள், பாரியும் கூட்டாளிகளும் வழக்கம்போல் கத்தினார்கள், நான் வழக்கம்போல் நின்றேன். நம் அணியில் இப்போது இடது பக்கம் ஆடுகிறவன் குவாபெனா ஓசேய் என்று லீட்ஸ் பையன், இருபது வயது, உன்னை மாதிரியே காலுறையைக் கீழே இறக்கி விட்டுக்கொள்வான். அவன் தப்பாகத் தட்டிவிட்ட ஒரு பந்தில் எதிரணி கோல் போட்டுவிட்டது. கொஞ்ச நேரத்தில் பந்து எங்கள் பக்கம் கோட்டைத் தாண்டி வந்தது, எடுத்து எறிய அவன் எனக்குப் பின்னால் பத்தடியில் வந்து நிற்கிறான் என்று கூட்டத்தின் கண்ணிலிருந்தே தெரிந்தது. அப்போது ஸ்டாண்டிலிருந்து ஒரு குரல் நம் நிறத்தாரைப் பழிக்கிற அந்த வார்த்தையைச் சொன்னது. நம் ஸ்டாண்டு, நம் சொந்தக் கூட்டம். எந்த வார்த்தை என்று உனக்கு நான் எழுத வேண்டியதில்லை. அந்த நொடியில் நான் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான், சத்தம் வந்த பக்கம் பார்த்து வரிசையையும் சீட்டு எண்ணையும் வாக்கி டாக்கியில் சொல்ல வேண்டும். பத்தொன்பது வருடம் அதற்குத்தானே நிறுத்தி வைத்திருக்கிறார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா, திரும்பிவிட்டேன். மைதானத்தைப் பார்த்துத் திரும்பிவிட்டேன். அந்த வார்த்தை காதில் விழுந்தால் அந்தப் பக்கம் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்வது பள்ளிக்கூட நாளிலிருந்து என் உடம்புக்குப் பழக்கம், என்னைக் கேட்காமலே அது திரும்பிக்கொண்டது.

திரும்பினால் எதிரே அந்தப் பையன். பந்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நேராக என்னைப் பார்க்கிறான். நானும் அவனைப் பார்க்கிறேன். பிறகு அவன் பந்தைக் கோட்டின் மேல் மெதுவாக வைத்துவிட்டு நடுவரிடம் நடந்து போனான். நம் கேப்டன் ஓடி வந்தான், என்ன என்று கேட்டான், அங்கேயே மண்டியிட்டான், அப்புறம் ஒவ்வொருவராக, எதிரணிக்காரர்களும்கூட, அவரவர் நின்ற இடத்திலேயே மண்டியிட்டார்கள். நேட், அதை நான் முதல் தடவையாகக் கண்ணால் பார்த்தேன். டிவியில் பார்க்கிறதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. மைதானமே அடங்கிப்போய் தகரக் கூரையில் மழை விழுவது மட்டும் கேட்டது.

வாக்கி டாக்கியில் எங்கள் மேற்பார்வையாளர் ஷீலா, "ஹூபர்ட், எந்த வரிசை? எந்த சீட்டு? ஹூபர்ட், கேக்குதா?" என்று கத்துகிறாள். நான் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினேன், எண்ணூறு முகம், யார் சொன்னது என்று எனக்குத் தெரியவில்லை. பார்க்க வேண்டிய நேரத்தில் பார்க்காமல் விட்டவன் நான். அப்போது பாரி எழுந்து நின்றான். முகமெல்லாம் சிவந்திருந்தது. "எச் வரிசை, நாற்பத்தொண்ணு. எனக்கு நேர் பின்னாடி. சொல்லு ரேடியோல" என்றான். நான் அவன் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். "என் பொண்டாட்டியோட தம்பிதான்யா, அதுக்கென்ன, சொல்லு!" என்றான். மச்சினன் "டேய் பாரி" என்று ஏதோ சொல்ல வந்தான், மிஸஸ் பிரிக்ஸ் ஃப்ளாஸ்க் மூடியைத் திருகிக்கொண்டே, "நீ வாய மூடிட்டுப் போப்பா, ஆட்டம் பாக்கணும்" என்றாள். நான் சீட்டு எண்ணை ரேடியோவில் சொன்னேன், எங்கள் ஆட்கள் இரண்டு பேர் வந்து அவனைக் கூட்டிப் போனார்கள். ஆட்டம் தொடர்ந்தது, இரண்டுக்கு ஒன்று என்று தோற்றோம், அதில் எந்த அதிசயமும் நடக்கவில்லை.

ஆட்டம் முடிந்து வாசலில் பாரி என்னிடம் நின்றான். "இப்பவும் சொல்றேன், ஆட்டத்துக்கு முன்னாடி மண்டி போடுறது எனக்குப் பிடிக்கல. ஆனா எல்லாரும் அப்படி அடங்கி உட்கார்ந்ததும், யார் கத்தினான்னு எனக்கு மட்டும் தெரிஞ்சு நான் கம்முனு இருக்கிறது தாங்கல ஹூபர்ட்டு. ரெண்டு நிமிஷம் முன்னாடின்னா நான் சொல்லியிருக்க மாட்டேன், அதான் நெசம்" என்றான். இனி ஞாயிறு சாப்பாடு தன் வீட்டில் தனக்கே கிடையாதாம், பொண்டாட்டி டொரீன் அப்படிச் சொல்லிவிட்டாளாம். நம் வீட்டுக்கு வா என்று கூப்பிட்டிருக்கிறேன், அம்மா மிளகாயைக் குறைத்துப் போட வேண்டும்.

பிறகு கார் நிறுத்தும் இடத்தில் ஓசேயைப் பார்த்தேன். "மன்னிச்சுக்கோ தம்பி, நான் அவனைப் பார்த்திருக்கணும், திரும்பிட்டேன்" என்றேன். அவன், "நல்லவேளை திரும்பினீங்க அங்கிள். இல்லைன்னா எனக்கு ஆரஞ்சு முதுகுதான் தெரிஞ்சிருக்கும். பேசாம பந்த எறிஞ்சிட்டு ஆடிருப்பேன். எங்கப்பா மாதிரி ஒருத்தர் பார்த்துட்டு நிக்கிறப்ப எப்படி எறியுறது?" என்று சொல்லிவிட்டு, வெட்கப்பட்டுக்கொண்டு காரில் ஏறிவிட்டான். ஷீலாவிடம் நடந்ததை மறைக்காமல் சொன்னேன், விதி விதிதான் என்று எட்டாம் தேதியும் பதினைந்தாம் தேதியும் வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டாள், சொல்லிவிட்டு என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

உன்னிடம் ஒரு பொய் சொல்லியிருக்கிறேன் மகனே. பத்தொன்பது வயதில் முழங்கால் போனதால் ஆட்டத்தை விட்டேன் என்று நீ நம்பிக்கொண்டிருக்கிறாய். இந்தக் கால் வலி நாற்பது வயதுக்குமேல் வந்தது. ஆட்டத்தை விட்ட அன்றைக்கு ரிசர்வ் அணிக்காக வெளியூரில் ஆடினேன், என் மேல் வாழைப்பழம் எறிந்தார்கள், ஒன்று கழுத்தில் பட்டது. கோச் ஓரத்திலிருந்து, "எதையும் காதுல வாங்காத, நீ பாட்டுக்கு ஆடு" என்றார். கெட்ட மனுஷர் இல்லை, நல்லதுக்குத்தான் சொன்னார். தொண்ணூறு நிமிடமும் ஆடினேன், கூட ஆடிய பத்துப் பேரில் ஒருவனும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை, வீட்டுக்கு வந்து பூட்ஸைக் கழற்றினவன் அப்புறம் போடவே இல்லை. நாற்பது வருடம் கழித்து அதே வார்த்தையை எழுத்துப் பிசகாமல் என் பிள்ளைக்கு நான் சொன்னேன். அதை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது. அந்த வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். உட்காருவதா நிற்பதா என்பதை நீயே முடிவு செய், உன் கால், உன் பிழைப்பு, எதைச் செய்தாலும் நீ எனக்குக் குறைந்தவன் ஆகமாட்டாய். ஒப்பந்தம் போனால் போகட்டும், இந்த வீட்டில் உன் அறை இருக்கிறது. ஆனால் எனக்குக் கிடைக்காத பத்துப் பேர் உனக்குக் கிடைத்திருக்கிறார்கள், டோமாஷிடம் அவன் வீட்டுப் பெரியவர் மாதிரி நான் நன்றி சொன்னதாகச் சொல்.

குளிருக்குக் காதை மூடிக்கொள், மருந்தை நிறுத்தாதே, மாதா எப்போதும் உன் கூடவே இருப்பாள். இதை ஜனீன் இப்போதே படம் பிடித்து உன் போனுக்கு அனுப்புவாள், தாள் பின்னால் தபாலில் வரும். ஷீலா கொடுத்த தண்டனையில் எனக்குப் பத்தொன்பது வருடத்தில் முதல் தடவையாகச் சனிக்கிழமை ஓய்வு, அதனால் நானும் அம்மாவும் பதினைந்தாம் தேதி விமானத்துக்குச் சீட்டு வாங்கிவிட்டோம், வேண்டாம் என்று சொல்லிப் பிரயோஜனமில்லை. பதினாறாம் தேதி ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு எங்களுக்கு இரண்டு டிக்கெட் எடுத்து வை, மறக்காதே. முன்வரிசையாக இருக்கட்டும், தூண் மறைக்காத இடமாக இருக்கட்டும், விசில் ஊதியதும் நீ தேடினால் என் முகம் உனக்குத் தெரிய வேண்டும்.

என்றும் உன் அப்பா,
ஹூபர்ட் துசேன்