நூலின் மேல் போட்ட பழி

அன்பு மகளுக்கு,

அம்மாதான் எழுதுகிறேன், மயங்கி விழுந்துவிடாதே. நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இங்கே உன் அப்பா நலம், தையல் மெஷின்கூட நலம், என் நாக்கு மட்டும் நலமில்லை. இதைப் படித்ததும் உனக்குச் சிரிப்பு வந்தால் வரட்டும், உன் அத்தைக்கும் வந்தது, அவள் அதை இருமலாக மாற்றிக்கொண்டாள். நாக்கில் புற்றுநோய். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது என்பது உனக்குத் தெரியும். உன் அப்பா போனில் பல்வலி என்று சொன்னாரே, அது நான் சொல்லச் சொன்ன பொய், அவரை ஏசாதே, முப்பது வருஷத்தில் நான் சொன்னதில் அவர் ஒழுங்காகச் செய்த ஒரே காரியம் அதுதான்.

ஊசியில் கோர்க்கும்போது நூல் நுனியை நாக்கின் இடது பக்கம் வைத்து ஈரப்படுத்துவேன் இல்லையா, ஆறு மாதம் முன்னால் ஒருநாள் நூல் பட்டதே தெரியவில்லை. உடனே எனக்கு என்ன தோன்றியது என்கிறாய், நூல் மட்டம் என்று தோன்றியது. நேரே நூல்கடைக்குப் போய், இது நூலா சிலந்தி வலையா, நாக்குல வச்சா இருக்கறதே தெரியலையே என்று கேட்டேன். பாவம் மனிதர், வேறு நூல்கண்டு கொடுத்தார், அதுவும் தெரியவில்லை. மூன்று மாதம், நாலு விதமான நூல், கடைசியில் கடை நிறைய ஆள் இருக்கும்போது அவரைத் திருடன் என்றே சொல்லிவிட்டேன். நாக்குதான் மரத்துப்போயிருக்கிறது என்று ஒரு நிமிஷம்கூடத் தோன்றவில்லை, தப்பு என் பக்கம் இருக்கும் என்று நினைத்துப் பழக்கம் இருந்தால்தானே.

வலி வந்த பிறகுதான் டாக்டரிடம் போனேன். முதல் டாக்டர் பல் உரசுகிறது என்று நன்றாக இருந்த பல்லை ராவிவிட்டார். இரண்டாமவர் சத்து மாத்திரை கொடுத்தார், புகையிலை உண்டா சிகரெட் உண்டா என்று மூன்று தடவை கேட்டார், நான் இல்லை என்று சொன்ன ஒவ்வொரு தடவையும் உன் அப்பா கூரையைப் பார்த்தார். ஊதித் தள்ளினது அவர், வந்தது எனக்கு. பெரிய ஆஸ்பத்திரியில் மேலாகக் கொஞ்சம் சதையைக் கிள்ளிச் சோதித்து ஒன்றுமில்லை என்று காகிதம் கொடுத்தார்கள், உன் அப்பா அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தெருவெல்லாம் காட்டினார். எனக்கு மனசு கேட்காமல் மறுபடியும் போனேன். இந்தத் தடவை ஒரு பெண் டாக்டர், உன் வயதுதான் இருக்கும். கைப்பையிலிருந்து நூலை எடுத்து, நான் கண்ணை மூடிக்கறேன், இதை நீயே நாக்குல ஓட்டிப் பாரும்மா, பட்டா விரலைத் தூக்கறேன் என்றேன். அவள் சிரிக்கவில்லை. பொறுமையாக ஓட்டிப் பார்த்து, என் விரல் எழாத இடத்தையெல்லாம் காகிதத்தில் குறித்துக்கொண்டு, அங்கே அடியில் அழுத்தினாள். ஆழத்தில் ஒரு பட்டாணி அளவுக் கட்டி இருந்தது, அதில் ஊசி போட்டுச் சோதனைக்குக் கொஞ்சம் எடுத்தாள். பத்து நாளில் முடிவு வந்தது. எச்சில் சுரக்கும் குட்டிச் சுரப்பியில் வருகிற வகையாம், நரம்பைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் நகருமாம், மரத்துப்போனது அதனால்தானாம், நாக்கில் வருவது மிகவும் அபூர்வமாம். உன் அத்தை, உனக்கு எதுதான் எல்லாருக்கும் வர்ற மாதிரி வந்திருக்கு என்றாள். அவள் என்னைப் பற்றிச் சொன்னதிலேயே அதுதான் நல்ல வார்த்தை.

அடுத்த மாதம் மூன்றாம் தேதி ஆபரேஷன். இடது பாதியை எடுத்துவிட்டு, கையிலிருந்து சதை எடுத்து வைத்துத் தைப்பார்களாம், தையல் நேராக இருக்க வேண்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன். பிழைத்துவிடுவேன் என்கிறார்கள், பேச்சு மட்டும் பழையபடி இருக்காது, குழறும், பழகப் பழகத்தான் அடுத்தவர்களுக்குப் புரியும் என்கிறார்கள். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது, இதை உன் அப்பாவிடம் சொல்லவில்லை. நேற்று நூல்கடையில் கூட்டம் இருக்கும் நேரமாகப் பார்த்துப் போய், உங்க நூல்ல ஒரு குத்தமும் இல்லை, என் நாக்குலதான் என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். அவர் நாற்காலியைத் துடைத்து எனக்குப் போட்டார். இன்னும் ஒரு ஆள் பாக்கி. நீ கல்யாணம் செய்துகொண்டு கிளம்பிய அன்று வாசலில் நின்று, எனக்கு மகளே பிறக்கலைன்னு நினைச்சுக்கறேன் என்றேன். அதற்கு இந்தக் காகிதத்திலேயே மன்னிப்புக் கேட்டுவிடலாம், கை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எந்த நாக்கு சொன்னதோ, அது முழுசாக இருக்கும்போதே உன்னிடம் சொல்ல வேண்டும்.

நீயும் மாப்பிள்ளையும் நிறைய சண்டை போட்டு, நிறைய சமாதானமாகி, நீண்ட நாள் நன்றாக இருங்கள். மாப்பிள்ளை என்று இரண்டு தடவை எழுதியிருக்கிறேன், கவனித்தாயா. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, மூன்றாம் தேதிக்கு முன்னால் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் இருக்கிறது. நீ வழக்கம்போல அப்பாவைக் கூப்பிடுவாய், அவரும் வழக்கம்போல போனை என் பக்கம் நீட்டுவார். நாலு வருஷமாகக் கை ஈரமாக இருக்கிறது என்று சொல்லித் தப்பித்துக்கொண்டிருக்கிறேன். அன்றைக்குக் கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன்.

இப்படிக்கு,
உன் அம்மா