திரையில் விழுந்த கோடுகள்

மார்ச் 9, ஞாயிறு

விடியலில் தூறல், பிறகு வெயில். சுங்கை லாலாங்கில் செம்பனைத் தோட்டத்துக்கு நடுவே, மண் எடுத்த பழைய குளம். காயாக் படகில் நான் மட்டும். மைத்துனன் கோபால் வழக்கம்போல் கரையில், தூண்டிலும் நாசி லெமாக் பொட்டலமும்.

தண்ணீருக்கடியில் மீனைத் திரையில் காட்டும் பெட்டி, ஃபிஷ் ஃபைண்டர். இன்றைய அமைப்பு:
சென்சிட்டிவிட்டி: ஆட்டோ வேண்டாம், கையால் 70.
ஆழம்: ஐந்து மீட்டர் வரை போதும்.
மீன் படம்: அணைப்பு. மூழ்கிய கட்டையைக்கூட மீன் என்கிறது.
இரைச்சல் வடிகட்டி: அணைப்பு.

படம் தெளிவாக இருந்தது. திடீரென்று திரை முழுக்கச் செங்குத்துக் கோடுகள், மழை மாதிரி. வடிகட்டியை உச்சத்தில் வைத்தேன். கோடுகள் போயின, சின்ன மீன்களும் போயின. எங்கோ தவறு செய்கிறேன். பள்ளியில் இயற்பியல் நடத்தியவனுக்கு ஒரு சின்னப் பெட்டி படியவில்லை.

கோபால் கரையிலிருந்து: "டிவி பாக்கவா மச்சான் குளத்துக்கு வர்றீங்க? வீட்ல அக்கா ரிமோட்ட குடுக்கலயா?"

திரும்பும்போது ஒரு பெரிய தோமான் மீன் வாத்துக்குஞ்சை அடித்து உள்ளே இழுத்தது. இறகு மட்டும் மிதந்தது. பார்க்காமல் இருந்திருக்கலாம்.

மார்ச் 10, திங்கள்

வெயில். பேட்டரி வயரைத் தனியாகப் பிரித்துக் கட்டினேன். வடிகட்டி மறுபடி அணைப்பு. கோபால் லாரி ஓட்டப் போய்விட்டான்.

மீண்டும் கோடுகள். அணைத்துத் திறந்தேன். அதே. நிமிர்ந்தால், நாணல் ஓரம் திலாப்பியாக்கள் வயிறு மேலே தெரிய மிதக்கின்றன. வளைவில் ஒரு படகு. இரண்டு பேர், கார் பேட்டரி, வயர் கட்டிய கம்பிகள். கரண்டு வைத்து மீன் பிடிக்கிறவர்கள். கம்பி தண்ணீரில் இறங்கினால் என் திரையில் கோடு. தூக்கினால் சுத்தம்.

என் தவறில்லை! அந்த நேரத்திலும் ஒரு சின்னச் சந்தோஷம்.

பார்த்துவிட்டார்கள், படகை என் பக்கம் விட்டார்கள். சிவப்புத் தொப்பிக்காரன் வலைக் கம்பால் என் காதோடு சேர்த்து அடித்தான். குனிந்தேன். முதுகில் இன்னொன்று.

"ஒய் பெருசு, என்னா பாத்த?"

"ஒன்றும் பார்க்கவில்லை" என்றேன். அவ்வளவு சுத்தமான தமிழில். தாடிக்காரன் சிரித்தான். "வாத்தியார் போலருக்குலா."

தொப்பிக்காரன்: "நீல கேட்டு வீடுதானே? தெரியும். வாயத் தொறந்தா வீட்டோட கொளுத்திருவேன்."

மனைவியிடம் பாத்ரூமில் வழுக்கியதாகச் சொன்னேன்.

மார்ச் 11, செவ்வாய்

மழை. காதில் ரீங்காரம். தலையணையில் ரத்தம். துடுப்பைத் துடைத்து வைத்தேன். ஏன் துடைத்தேன், நனையவே இல்லையே.

கோபாலிடம் உண்மையைச் சொல்ல வேண்டியதாயிற்று. பாராங் கத்தியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டான்.

"கைய வெட்டி மீனுக்குப் போடறேன் மச்சான். இல்ல பாலாய்ல ரிப்போர்ட் பண்ணுங்க. ரெண்டுல ஒன்னு."

"போலீஸ் வேண்டாம். வீடு தெரியும் என்றான்."

"அப்ப குளத்த அவனுக்கு எழுதிக் குடுத்துட்டு வீட்ல குந்துங்க."

மத்தியானம் படுத்தால், கண்ணை மூடியதும் தொப்பிக்காரன் முகம். அதை நான் அடிக்கிறேன். எழுந்து தண்ணீர் குடித்தேன். மறுபடி படுத்தேன். மறுபடி அடித்தேன்.

மார்ச் 12, புதன்

காலை, வானம் மூட்டம். போனோம். கோபால் கரையில், பாராங் சாக்குக்குள். வடிகட்டி அணைப்பு, இரண்டு முறை பார்த்துக்கொண்டேன். கோடு வந்தால் வளைவு தாண்டும் முன்பே திரும்பிவிடலாம் என்பது கணக்கு.

கோடு வந்தது. திரும்புவதற்குள் படகும் வந்தது.

தொப்பிக்காரன் எழுந்து நின்று கம்பியை என் தலைக்கு ஓங்கினான். படகு சாய்ந்தது. அவன் கம்பியோடு தண்ணீருக்குள்ளே. விரல் வலிக்கக் கூடாதென்று கம்பியின் சுவிட்சைச் சைக்கிள் டியூப் ரப்பரால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். கரண்டு நிற்கவில்லை. அவன் துள்ளினான். திலாப்பியா துள்ளுகிற மாதிரியே. தாடிக்காரன் அலறினான்: "சார், புடிங்க சார்! செத்துருவான்!"

கோபால் பாராங்கைப் போட்டுவிட்டுத் தண்ணீரை நோக்கி ஓடி வந்தான்.

"இறங்காதே! கரண்டு இருக்கு!" என் குரல்தானா அது. கோபால் விளிம்பில் நின்றான். திரையில் கோடு கோடாக விழுந்துகொண்டிருந்தது. "வயரைப் பிடுங்கு" என்று தாடிக்காரனிடம் கத்தினேன். பிடுங்கினான்.

திரை சுத்தமானது. அடி மண், மூன்று மீட்டர் சொச்சம். வேறொன்றுமில்லை.

தொப்பிக்காரன் தலை மேலே வந்தது. இருமினான். அவன் கை என் காயாக்கின் விளிம்பைப் பற்றியது. நான்கு விரல், ஒன்றில் மோதிரம்.

துடுப்பை ஓங்கி அடித்தேன். எலும்பு சத்தம் கேட்டது. கை போய்விட்டுத் திரும்பி வந்தது. மறுபடி அடித்தேன். துடுப்பின் இலை பிளந்தது. மஞ்சள் பிளாஸ்டிக்கில் ரத்தம். அவன் மூழ்கினான்.

கோபால் நீந்தி வந்து, மூழ்கியவன் முடியைப் பிடித்துக் கரைக்கு இழுத்துப் போட்டான். என்னை ஒருமுறை பார்த்தான்.

மார்ச் 13, வியாழன்

வெயில். தொப்பிக்காரன் உயிரோடு இருக்கிறான், சுங்கை பட்டாணி ஆஸ்பத்திரியில். விரல்கள் தேறாதாம். விழுந்த பிறகு எதுவும் நினைவில்லையாம். கரண்டுதான் விரலை உடைத்தது என்கிறான், பேட்டரியில் குனிந்திருந்த தாடிக்காரன். மனைவி ரசம் வைத்தாள்.

சனிக்கிழமை போலீஸ் பாலாய்க்கு வரச் சொல்லியிருக்கிறார்கள், வாக்குமூலம். சாயங்காலம் கோபால் வந்தான். பிளந்த துடுப்பை எடுத்துப் போய் எரித்துவிடுகிறேன் என்றான். நான் கொடுக்கவில்லை.

"கேட்டா இப்டி சொல்லுங்க மச்சான். கரண்டு இன்னும் இருக்குன்னு நெனச்சேன், பயத்துல தள்ளிவிட்டேன். அவ்ளோதான். நீங்க பயந்தவருன்னு ஊருக்கே தெரியும்லா. நம்புவாங்க."

நம்புவார்கள். எல்லோரும் நம்புவார்கள்.

அவன் போனதும் ஃபிஷ் ஃபைண்டரைத் திறந்து பார்த்தேன். வடிகட்டி: அணைப்பு. கோடு இருந்திருந்தால் தெரிந்திருக்கும். திரை சுத்தமாக இருந்ததைப் பார்த்த பிறகுதான் துடுப்பைத் தூக்கினேன்.

அந்த நேரத்தில் மட்டும் எனக்குப் பயமே இல்லை.