அம்பை ரோட்டுக்கு நாலு டயர்

பிப்ரவரி 4, 2025

முன் டயர் இரண்டிலும் பட்டன் தேய்ந்து மொழுமொழுவென்று ஆகிவிட்டது. ஒரு ரூபாய்க் காசைப் பள்ளத்தில் நிறுத்திப் பார்த்தேன், நிற்க இடமில்லை. வீட்டுக்காரர் கிங்ஸ்டனிடம் காட்டினால், “இன்னும் மூணு மாசம் ஓடும்” என்கிறார். தன் செருப்பைப் பற்றியும் இதையேதான் சொல்வார், வார் அறுந்து கையில் வரும் நாள்வரை.

பாளையங்கோட்டையிலிருந்து அம்பாசமுத்திரம் பள்ளிக்கூடம் போய் வர எழுபது கிலோமீட்டருக்கு மேல். வழியில் அவரை வீரவநல்லூர் கூட்டுறவுச் சங்கத்தில் இறக்கிவிட்டு, சாயங்காலம் ஏற்றிக்கொண்டு வருகிறேன். இவ்வளவு ஓட்டத்துக்கு நல்ல டயர் வேண்டாமா? பழையதாக வாங்கினாலும் டர்போ இன்ஜின் வண்டி. கிடைத்ததைப் போட்டு ஓட்ட நான் ஆளில்லை.

பிப்ரவரி 9

ஆராதனை முடிந்து வந்து சாயங்காலம் வரைக்கும் டயர்தான். உலகத்தில் உள்ளவன் எல்லாம் எழுதியதைப் படித்துவிட்டேன். கடைசியில் இரண்டு நிற்கின்றன.

ஒன்று, வெயிலுக்கென்றே செய்தது. மெத்தென்ற ரப்பர், அகலமான பட்டை, கோடுகள் குறைவு. சூடேறினால் ரோட்டைக் கவ்விப் பிடிக்குமாம். மற்றது வெயில் மழை இரண்டுக்கும். நடுவில் நீளமாக நாலு பள்ளம், தண்ணீர் வெளியேற. வளைவில் கொஞ்சம் தளர்ந்து கொடுக்கும், சத்தமும் வரும் என்கிறார்கள்.

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? வருஷத்தில் பத்து மாதம் நமக்கு வெயில். ஐப்பசி கார்த்திகை மழைக்கு இன்னும் எட்டு மாதம் கிடக்கிறது.

பிப்ரவரி 11

வண்ணார்பேட்டையில் நூர்முகம்மது பாய் கடை. டயரைப் பார்ப்பதற்கு முன்னால், “எங்கன ஓட்டுதீங்க டீச்சர்?” என்றுதான் கேட்டார். சொன்னேன். தலையை ஆட்டினார்.

“பாளையங்கோட்டைக்குள்ளயே சுத்துனா நீங்க சொல்லுத டயரு தங்கம். அம்பை ரோட்டுக்கு வேண்டாம். இங்க மண்டை காயும், சேரம்மாதேவி தாண்டுனா சாரலு அடிக்கும். ரெண்டும் ஒரே ரோடுல்லா?”

அவருடைய பில் புக்கின் பின்பக்கத்தில் உராய்வு விசையைப் படம் போட்டே விளக்கினேன். பதினாறு வருஷம் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இதைத்தானே சொல்லிக்கொடுக்கிறேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “நீங்க படிச்சவங்க” என்றார். வெயில் டயரே நாலும் போட்டாயிற்று.

பிப்ரவரி 15

நாங்குநேரி வரை நாலு வழிச் சாலையில் ஓட்டிப் பார்த்தேன். அடேயப்பா! வளைவில் வண்டி தண்டவாளத்தில் போவதுபோல் போகிறது. கிங்ஸ்டன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, “நல்லாத்தான் இருக்கு, பைய போ” என்றார். பைய போகவா இவ்வளவு படித்துத் தேர்ந்தெடுத்தேன்?

மார்ச் 3

பொதுத்தேர்வு தொடங்கிவிட்டது. வீட்டில் தினத்தந்திக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிற மனுஷர், வண்டியில் ஏறினால் மட்டும் பேசுகிறார். இன்று சங்கத்துத் தலைவரைப் போலவே இருமிக் காட்டினார். பட்டமடை வரை சிரித்தேன்.

மார்ச் 27

படுத்தும் தூக்கம் வரவில்லை. எழுதிவிட்டால் மனசு அடங்குமோ என்னவோ.

பட்டமடைக்கு அந்தப் பக்கம் உளுந்துச் செடியை ரோட்டில் பரப்பியிருந்தார்கள். வண்டி ஏறி ஏறி நெற்று உடைய வேண்டும் என்று வருஷா வருஷம் பரப்புவதுதான். ஒதுங்கிப் போகிறவர்களும் உண்டு. நான் ஒதுங்க மாட்டேன், மேலே ஏற்றித்தான் போவேன். களத்துக்காரி சுடலைவடிவுக்கு அதனால் என்னைப் பிடிக்கும். தூரத்தில் சிவப்பு வண்டியைப் பார்த்ததுமே, “ஏத்துங்க டீச்சர், ஏத்துங்க!” என்று கையை வீசுவாள்.

இன்றும் வீசினாள். விடியற்காலை ஒரு தூறல் போட்டிருக்கிறது, செடி மேலே காய்ந்து அடியில் ஈரம். எனக்குத் தெரியவில்லை. அறுபதில் ஏற்றினேன். அவள் கம்பால் செடியைத் தள்ள நடுவில் இறங்கினாள். பிரேக் அடித்தேன். வண்டி நிற்கவே இல்லை. எண்ணெயில் விட்டதுபோல் வழுக்கிக்கொண்டு போய், அரைவட்டம் சுற்றி, அவளுக்கு ஒரு முழம் தள்ளி நின்றது.

யாருக்கும் ஒன்றும் இல்லை. கர்த்தருக்கு ஸ்தோத்திரம். இறங்கி டயரைக் குனிந்து பார்த்தேன். பட்டை முழுக்கச் செடி அப்பிக்கிடந்தது. இது டயரின் குற்றம் இல்லை. ஈரச் செடியில் எந்த டயர்தான் நிற்கும்?

வீரவநல்லூரில் கிங்ஸ்டன் கதவைக்கூடச் சாத்தாமல் இறங்கிப் போனார்.

மார்ச் 28

“நான் பஸ்ல போய்க்கிடுதேன்.”

அவ்வளவுதான் சொன்னார். கோபமாகக்கூட இல்லை. டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு நடந்துவிட்டார். சேரன்மகாதேவியில் அவர் பஸ்ஸை நான் தாண்டினேன். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். ஹாரன் அடித்தேன், திரும்பவில்லை.

ஏப்ரல் 6

பக்கத்து சீட் காலியாக இருந்தால் வண்டிக்கு என்ன வந்தது? எனக்குத்தான் வருகிறது. சபையில் எல்லோரும் பாவ அறிக்கை சொல்லும்போது என் மனதில் உளுந்துச் செடிதான் ஓடியது. ஆனாலும் சொல்கிறேன், என் கணக்கில் தப்பு இல்லை.

ஏப்ரல் 11

கணக்கில் தப்பு.

மத்தியானம் கோடை மழை கொட்டித் தீர்த்தது. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஆளில்லாத ரோடு. கெமிஸ்ட்ரி சிவசண்முகம் சாரை அழைத்துப் போய் ஐம்பதில் பிரேக் அடித்துப் பார்த்தேன், அவர் தப்படி வைத்து அளந்தார். காய்ந்த ரோட்டில் போன வாரம் பதினைந்து தப்படியில் நின்ற வண்டி இன்று முப்பத்தொன்று. நம்பாமல் மறுபடி அடித்தேன். முப்பது. அவருடைய ஓட்டை வண்டி, சாதாரண டயர், இருபத்திரண்டில் நின்றது!

“ஒங்க டயரு வெயில்ல முதல் மார்க், மழையில பெயிலு டீச்சர்” என்று சிரிக்கிறார். சிரிக்கட்டும்.

எனக்கு என்ன புத்தி போயிற்று? உராய்வு என்பது ரப்பரும் ரோடும் தொட்டுக்கொண்டால்தான். நடுவில் தண்ணீர் நின்றால், அது வெளியேற வழி வேண்டாமா? ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை கேட்கும் கேள்வி. பில் புக்கில் படம் போட்டபோது தண்ணீரை நான் போடவே இல்லை.

ஏப்ரல் 15

பாய் ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. நாலு பள்ளம் வைத்த டயர், அகலம் கம்பெனி கொடுத்த அளவே. செய்த தேதி டயரின் பக்கவாட்டில் நாலு எண்ணாக இருக்கும், அதைத் தடவிக் காட்டினார்: இந்த வருஷத்து ஐந்தாவது வாரம். “காலையில டயரு ஆறியிருக்கும்போது காத்து பாருங்க. வெயில்ல ஓட்டிட்டு வந்து பாத்தா கூடத்தான் காட்டும்.” நோட்டில் குறித்துக்கொண்டேன். பழைய நாலையும் கோயம்புத்தூரில் பந்தயம் ஓட்டுகிற ஒருவருக்கு அனுப்புகிறாராம்.

வீட்டுக்கு வந்து, “டயர் மாத்தியாச்சு” என்றேன். “சரி” என்றார்.

சரி என்றால்?

ஏப்ரல் 16

பஸ்ஸில்தான் போனார்.

ஜூன் 2

பள்ளிக்கூடம் திறந்தாயிற்று. சாரல் தொடங்கிவிட்டது. புது டயர் ஈர ரோட்டில் சொன்னபடி நிற்கிறது. அதே இடம், அதே ஐம்பது, பத்தொன்பது தப்படி. நான் தேர்ந்தெடுத்தால் சும்மாவா? ஆனால் இதைச் சொல்லப் பக்கத்தில் ஆளில்லை.

ஜூன் 5

வண்டியை வீட்டில் விட்டுவிட்டு அவர் பின்னாலேயே போய் பஸ்ஸில் ஏறினேன். “வண்டிக்கு என்ன?” என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். யாருடையதோ வெற்றிலைக் கட்டு ஒன்று என் மடியில். டிரைவர் கியர் போடுகிற அழகைப் பார்த்து எனக்குப் பல் கூசியது.

பட்டமடையில் கேட்டேவிட்டேன். “டயர் மாத்தினேன், அளந்து பாத்தேன், இன்னும் என்னங்க பயம்?”

டிபன் பாக்ஸை மடியில் நிமிர்த்தி வைத்தார். பிறகு பைய சொன்னார்.

“டயருக்கு இல்ல, பியூலா. அன்னைக்கு வண்டி நின்னதும் நீ எறங்கி டயரத்தான் பாத்த. அந்தப் பொம்பள கம்ப விட்டுட்டு ரோட்டுலயே உக்காந்துட்டா. எனக்குத் தலையில இடிச்சிருக்கு. நீ ஒரு ஆளையும் கேக்கல.”

தலையில் இடித்ததா? எனக்குத் தெரியாது. நிஜமாகவே தெரியாது. அதுதானே அவர் சொல்கிறது.

பஸ்ஸில் அத்தனை பேர் முன்னால் அழுதேன். என்னை மன்னிச்சிருங்க என்றேன், அவருக்கு மட்டும் கேட்கும்படி. அவர் கர்ச்சீப்பைக் கொடுத்தார்.

ஜூன் 7

சுடலைவடிவு வீட்டைக் கண்டுபிடித்துப் போனேன். அவளும் மறைக்கவில்லை.

“அன்னைக்குப் பூரா களத்துக்கே எறங்கல டீச்சர். மோதாமப் போச்சு, அது சாமி புண்ணியம். ஆனா என்ன ஏதுன்னு கேக்காம போயிட்டீகளேன்னுதான் இருந்துச்சு.”

“தப்பு என் மேலதான்” என்றேன். அந்த வார்த்தையை நான் கடைசியாக எப்போது சொன்னேன் என்று ஞாபகமில்லை. மோர் கொடுத்தாள். அடுத்த வருஷம் களம் போடும்போது இரண்டு பக்கமும் கல் வைத்து, ஒரு ஆளை முன்னால் நிறுத்தச் சொன்னேன். “நீங்க இருபதுல வாங்க, அது போதும்” என்றாள். நியாயம்தான்.

ஜூன் 9

டிபன் பாக்ஸைப் பின்சீட்டில் வைத்துவிட்டு முன்னால் ஏறி உட்கார்ந்தார். கைப்பிடியை மட்டும் அம்பை ரோடு முழுக்க விடவில்லை. பிடிக்கட்டும், அதற்குத்தானே வைத்திருக்கிறார்கள்.

நவம்பர் 18

காலையில் காற்று பார்த்தேன், நாலும் சரி. பள்ளிக்கூடத்தை மத்தியானமே விட்டுவிட்டார்கள். ஆற்றில் செம்மண் தண்ணீர் இரண்டு கரையும் முட்டிப் போகிறது. அவரை வீரவநல்லூரில் ஏற்றினேன். சேரன்மகாதேவியில் மழை பிடித்துக்கொண்டது, வைப்பர் ஓடியும் நூறடிக்கு மேல் தெரியவில்லை. சங்கத்தில் யாரோ இரண்டு பேர் சண்டை போட்ட கதையைச் சொல்லிக்கொண்டே வந்தவர், பாதி வாக்கியத்தில் நின்றுவிட்டார். பயந்துவிட்டார் என்று நினைத்து வேகத்தைக் குறைத்துத் திரும்பிப் பார்த்தேன்.

தூங்கிவிட்டிருந்தார். இரண்டு கையும் மடியில் கிடந்தன.

மேலப்பாளையம் வரும்வரை நாற்பதைத் தாண்டவில்லை.